சூடு பார்த்த கை

நோலீனுக்குத் தன் கைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. முப்பது வருடமாக ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்துப் பச்சை மேடுகளில் மாடு கறந்த கை. மடியைத் தடவிப் பார்த்தே எந்தக் காம்பில் நோய் கண்டிருக்கிறது என்று, பால் திரிவதற்கு முந்தைய நாளே சொல்லிவிடும்.

புற்றுநோய்க்காக அவளுடைய வலது மார்பை எடுத்து ஐந்து வாரமாகிறது. அதே அறுவையில் தோலுக்கும் தசைக்கும் அடியில் ஒரு சிலிகோன் பையை வைத்திருந்தார்கள். ஊசி வழியாக அதில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றுவார்கள். பை பெருக்கப் பெருக்கத் தோல் இளகி இடம் கொடுக்கும். பிறகு பையை எடுத்துவிட்டு நிலையான மார்பை வைக்கலாம். இரண்டு முறை ஏற்றியாயிற்று. சட்டைக்குள் சின்னதாக ஒரு மேடு வந்திருந்தது. புற்று தின்றதில் ஒரு பங்கைத் திருப்பி வாங்கிவிட்ட மாதிரி, அந்த மேட்டை அவள் காத்து வந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது தாதி மரிட்டா சொல்லியிருந்தாள். "தினமும் கண்ணாடியில பாருங்க. சிவந்திருக்கா, வீங்கியிருக்கா, சுடுதான்னு. நரம்பு அறுந்த இடம். வலிச்சுக் காட்டிக்குடுக்காது."

கண்ணாடி பார்க்க நோலீனுக்குத் தைரியம் வரவில்லை. கைதான் இருக்கிறதே! பாரம் தூக்கக் கூடாது என்றதால் கறவைக் கொட்டகையில் பால் கறக்கும் இயந்திரத்தின் காம்புக் குழாய்களைக் கழுவும் வேலையை மட்டும் செய்தாள். வெந்நீரில் அலசி முடித்ததும் சட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பாள். குளிர்ச்சியாக இருக்கும். இரண்டாம் முறை ஏற்றி வந்த பிறகு நான்கு நாளும் அப்படித்தான் இருந்தது.

கை சூட்டை அளப்பதில்லை. தனக்கும் தான் தொட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. வெந்நீரில் ஊறிய கைக்குக் காய்ச்சல்கார உடம்பும் குளிரும். மாட்டிடம் அவள் தவறியதில்லை, ஏனென்றால் அங்கே ஒரு காம்பைப் பக்கத்துக் காம்போடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். தன் இடது மார்போடு வலதை ஒப்பிட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் மாதக் குளிர்காலப் பனியில் மாடுகளை ஓட்டிவந்த கணவன் டரில், அவள் நடுங்குவதைப் பார்த்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்தான். விறைத்த விரல் நெஞ்சில் பட்டது.

"ஐயோ நோலி, அடுப்பு மாதிரி கொதிக்குதே!"

மருத்துவமனையில் டாக்டர் ஹேலி, சிவப்பின் ஓரத்தைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டார்.

"மருந்து ரத்தத்தோடதான் போகும். பைக்குள்ள ரத்தம் ஓடாது. கிருமி அதுமேல பாசி மாதிரி படிஞ்சிட்டா மருந்து அதை எட்டவே எட்டாது. நரம்புல மருந்து ஏத்தி நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா பையை எடுத்தே ஆகணும். விட்டா ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்து."

"எடுத்தா மறுபடி வைப்பீங்களா?"

"மாசக்கணக்காகும். தோல் சுருங்கிடும். உறுதி சொல்ல முடியாது."

"மடிநோய் மருந்து வீட்டுலயே பெட்டி பெட்டியா கிடக்கு, டாக்டர்" என்றான் டரில். "ஏத்துறதுக்குக் காம்புதான் இல்ல."

"வாயை மூடுறா" என்று நோலீன் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

மறுநாள் பிற்பகல் டரில் கறவைக்குப் போயிருந்தான். நோலீன் அங்கியை விலக்கிப் பார்த்தாள். கீழ்ப்பக்கம் சிவப்பு ஒரு விரல் அகலம் கோட்டைத் தாண்டியிருந்தது. கை கழுவும் திரவத்தில் பஞ்சை நனைத்து அந்த இடத்துக் கோட்டைத் தேய்த்து அழித்தாள். வேண்டிய சாப்பாட்டைக் குறிக்கும் சீட்டோடு கொடுத்திருந்த நீலப் பேனாவால் இரண்டு விரல் கீழே புதுக்கோடு இழுத்தாள். கோணல் இல்லாமல் வரும்வரை மூச்சு விடவில்லை.

திரும்பி வந்த டரில், அவள் விரலில் இருந்த மையைப் பார்த்தான். கோட்டையும் பார்த்தான்.

"ஊசி போட்ட மாட்டுப் பால் கலந்துடக் கூடாதுன்னு அது கால்ல சிவப்புப் பட்டை கட்டுறோமே. கெடு முடியுமுன்ன நீ ஒருநாளாவது அவுத்திருக்கியா?"

"அது மாடுடா! இது நான்!"

அவன் தலை குனிந்தான். "எனக்கு நீ உசிரோட இருந்தா போதும், நோலி."

"உனக்குப் போதும். எனக்குப் போதலையே."

அவன் மேலிருந்து பால் வாசம் வீசியது.

வெகுநேரம் கழித்து அவள் மருந்துப் பை தொங்கிய கம்பத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். குழாயைத் திறந்து வலது கையைப் பச்சைத் தண்ணீரில் சில்லிட்டுப்போகும் வரை பிடித்தாள். துடைத்தாள். முதலில் இடது மார்பில் வைத்தாள், பிறகு வலதில். அங்கிருந்து கீழே, தான் போட்ட கோட்டையும் தாண்டி விலா எலும்பு வரை. இடது வெதுவெதுப்பாக இருந்தது. வலது பக்கம் எல்லா இடமும் சுட்டது.

கை இன்னொரு முறை ஏமாற்றாதா என்று அங்கேயே வைத்திருந்தாள். பிறகு மணியை அழுத்தினாள்.

மரிட்டா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா வேணும்?"

"இந்தக் கோடு நான் போட்டது" என்றாள் நோலீன். "டாக்டர் போட்டது இதுக்கு ரெண்டு விரல் மேல இருந்துச்சு."