சிறுபோகக் கூட்டத்தில் இண்டர்நெட்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். வட்டக்கச்சியில், மழை குறைந்த பருவத்து நெல்லுக்கான சிறுபோகக் கூட்டம். எந்த வயலுக்கு எவ்வளவு குளத்துத் தண்ணீர் என்று நீர்ப்பாசன எஞ்சினியர் முன்னிலையில் முடிவெடுக்கிற கூட்டம். நான் போனது மதியச் சாப்பாட்டுக்கு.

(முதலில் "பொன்னிறக் கதிர்கள் தலையசைக்க..." என்று தொடங்கினேன். விதைக்க முன்னமே கதிர் ஏது? வெட்டிவிட்டேன்.)

2
விமலேஸ்வரி அக்கா எழுந்தார். மிளகாய்த்தூள் அரைக்கிற சின்ன மில் வைத்திருப்பவர். விற்க ஓர் இணையத்தளமும் உண்டு. ஊரில் பாதிப்பேர் போனுக்குப் போடுவது மலிவுப் பக்கேஜ். அதில் பெரிய தூள் கம்பனியின் செயலி இலவசமாகத் திறக்கும். அக்காவின் தளம் திறக்காது. மாத முடிவுக்குள் ஓடர் வராவிட்டால் மில்லை மூடிவிட்டு, ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

"ஐயா, என்ர வாய்க்காலை மறிச்சுப்போட்டினம்," என்றார்.

"எந்த வாய்க்கால், அம்மா?"

"இண்டர்நெட்."

எஞ்சினியர் பேனையை மூடினார். "இது தண்ணிக் கூட்டம்."

"ஓம், நானும் அதைத்தான் கதைக்கிறன். வாய்க்கால் வெட்டினவன் தண்ணியை விடவேணும். ஆரின்ர வயல் எண்டு அவனே பாத்துப் பாத்து விட்டால் நீங்கள் சும்மா இருப்பியளோ? நீங்கள் வராமல் விட்ட போகம் மேல்வாய்க்கால்காரர் தாங்களே பிரிச்சவை. கடைசி வயலெல்லாம் வெடிச்சது. சண்டை பிடிச்சுத்தானே உங்களைத் திருப்பிக் கூப்பிட்டனாங்கள்? அதுமாதிரிப் போன் கம்பனியளையும் பாக்க அரசாங்கம் ஒரு ஆளை விடோணும்."

[இங்கே "எஞ்சினியர் வாயடைத்துப்போனார்" என்று எழுதியிருந்தேன். பொய். அவர் பால் விடாத பிளேன்ரீ குடித்தார்.]

3
கதைக்கு வில்லன் வேண்டுமே என்று உரக்கடை இஸ்ஸதீன் நானாவைப் பிடித்தேன். மனிதர் அக்காவிடம் நியாயம் பேசிக் கெடுத்துவிட்டார்.

"தங்கச்சி, குளத்துச் சாவிய அரசாங்கத்துக்கிட்ட குடுத்தா அவங்களும் பூட்டுவாங்க. கலவர நேரம் முகநூலப் பூட்டினது மறந்துபோச்சா?"*

"பூட்டினா ஆரோட சண்டை பிடிக்கிறதெண்டு தெரியும், நானா. கம்பனிக்குப் போன் எடுத்தா ஒண்டை அமத்து, ரெண்டை அமத்து எண்டு சொல்லிப்போட்டுப் பாட்டெல்லோ போடுது."

கூட்டம் சிரித்தது. கை தூக்கச் சொன்னார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்ததால் எல்லாரும் தூக்கினார்கள், நானாவும்தான். தீர்மானம்: தண்ணீரும் இணையமும் கடைசி வயல்வரை போகவேண்டும். அதை எங்கே அனுப்புவதென்று தெரியாமல் எஞ்சினியர் தன் திணைக்களத்துக்கே அனுப்பினார்.

* இந்த வரியில் நானும் நானாவின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அடுத்த வரியில் அக்கா இழுத்துக்கொண்டார்.

4
முடிவு அ: கொழும்பிலிருந்து பதில் வருகிறது. தளம் திறக்கிறது. அக்கா... (நானே நம்பவில்லை.)

முடிவு ஆ: விடிகிறது. தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது. அக்கா ஒரு காலை எடுத்து... (எழுத மனமில்லை. அந்தத் தூள் இல்லாமல் எனக்கு மீன்குழம்பு இறங்காது.)

5
முடிவில்லாமலே கதையை என் தளத்தில் போட்டேன். அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உம்மட கதை திறக்குதில்லை. சுத்திக்கொண்டு நிக்குது."

என் தளமும் அந்தப் பக்கேஜில் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. போனிலேயே வாசித்துக் காட்டினேன்.

"கனடாவில இருக்கிறவையும் இதை வாசிப்பினமோ?"

"ஓம் அக்கா."

"நல்லாயிருக்கு. நான் மில்லைத் திறக்கிறனோ மூடுறனோ எண்டு அவைக்குத்தான் முதல் தெரியும்." பிறகு, "சரி, மிச்சத்தை வாசியும்," என்றார்.

மிச்சம் இல்லை. நாளையோடு மாதம் முடிகிறது. அக்கா இன்னும் போனில் இருக்கிறார். கதை உங்களுக்குத் திறந்திருக்கிறது, முடிவை நீங்கள் சொல்லுங்கள்.