பெயர் வரும் இடம்

கலிரோயி தன் பாட்டில் யாருடைய பெயரையும் மாற்றியது கிடையாது. விட்டுவிட்டுப் போன கணவன் நிகிஃபோரோஸ் அதே பெயரோடுதான் பாட்டில் வருவான். பிறக்காமல் போன பிள்ளைக்கு வைத்திருந்த பெயர்கூட ஒரு பாட்டில் உண்டு. கம்பெனி, தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது. ஏதென்ஸில் தன் சமையலறையிலேயே பதிவு செய்து தானே வெளியிடுகிறவள். பட்டதைத்தானே பாடுகிறேன், அதற்கு எதற்கு முகமூடி என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஏதென்ஸ்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. அடுத்தவர் வீட்டு அழுகையை ஒயின் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து கேட்பதில் அவர்களுக்கு ஒரு சுகம்.

அவளுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டு தம்பி லிகூர்கோஸைப் பற்றியது.

நாலு வருஷத்துக்கு முன், தெற்கே கடலோரத்தில் சொந்த ஊரான மானியில் அவர்களுடைய அப்பா இறந்தார். சவப்பெட்டியைச் சுற்றிக் கறுப்புடுத்திய பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். முதல் குரல் அத்தை மெத்தாக்ஸியாவுடையது. அவள் குரலெடுத்தால் கல்வீடே கசியும் என்பார்கள். வந்தவர்கள் வரிசையாகப் போய் இறந்தவர் நெற்றியில் கடைசி முத்தம் வைத்தார்கள். பிறகு லிகூர்கோஸின் கையைப் பிடித்து, “உனக்கு ஆயுசு” என்றார்கள். இழவு வீட்டில் பிள்ளைக்குச் சொல்கிற வார்த்தை அது. அந்த நேரத்தில்தான் அக்காவின் மடியில் கைபேசி பதிவு செய்துகொண்டிருப்பதை அவன் பார்த்தான்.

“அப்பன் செத்தது உனக்குப் பாட்டாப் போச்சாக்கா?” என்று கேட்டான். அவன் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன் எடுக்க மாட்டான். நேரில் போனாலும் கதவு திறக்காது.

அந்தத் துக்கத்தில்தான் ஒரு குளிர்காலத்தில் பாட்டு வந்தது. உட்கார்ந்து யோசிக்கவே இல்லை, தானாக வந்து விழுந்தது. அடிக்கு எட்டு அசை. முதல் அடியின் முடிவில் தம்பி பெயர்.

*கதவத் திற லிகூர்கோ,*
*பகலெல்லாம் இருட்டாச்சே.*

மெட்டு எங்கிருந்து வந்தது என்று ஒரு பேட்டியில் கேட்டார்கள். முழுக்க என்னுடையது என்றாள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். கைபேசியிலிருந்து அழித்ததைக் காது வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

இந்த ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவுக்குப் பாட ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கலிரோயி பறந்தாள். மேடை படகுத்துறையில். தம்பி வீடு துறையை ஒட்டித்தான். அவன் கதவைப் பூட்டிக்கொண்டாலும் பாட்டு உள்ளே போகுமே என்று கணக்குப் போட்டாள். தம்பியைத் திரும்பப் பெற வேண்டும், வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

லிகூர்கோஸ் அவளுக்கு மேல் கணக்குப் போட்டான். அவள் பாடப்போகிறாள் என்று தெரிந்ததும் மதியமே வலை எடுக்கப் போவதாகச் சொல்லிப் படகோடு கிளம்பிவிட்டான். திருவிழா நாளில் எவனும் வலை எடுக்க மாட்டான். சாயங்காலம் தென்காற்று எழுந்தது. முனைக்கு அப்பால் கடல் வெள்ளையாகச் சீறியது. அவனுடைய பழைய இஞ்சினைப் பற்றி ஆண்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேலி நின்றுபோனது.

வெயில் மலைக்குள் இறங்கும் நேரத்தில் கலிரோயி அந்தப் பாட்டைத் தொடங்கினாள். காற்றில் துறையின் தடுப்புச் சுவருக்கு மேல் அலை தெறித்தது. இரண்டாவது முறை தம்பி பெயரைப் பாடியபோது முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு பெண்கள் எல்லாரும். ஏதென்ஸில் எழுந்து நின்றால் அது பாராட்டு. கலிரோயிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவர்கள் இழவு வீட்டில் செய்வதுபோல முக்காட்டை நெற்றிவரை இழுத்து விடுவதைப் பார்த்தாள். கை கிதார் தந்தியிலேயே நின்றுவிட்டது.

அத்தை மேடையேறி வந்தாள். மைக்கைக் கையால் பொத்தினாள்.

“யாருக்குடி பாடுற?”

“தம்பிக்கு அத்தை. என் சொந்தப் பாட்டு.”

“ஒன் பாட்டா? ஒங்கப்பனுக்கு நான் வச்ச ஒப்பாரிடி இது. பேரு வர்ற இடத்துல செத்தவன் பேரு மட்டுந்தான் வரும். அங்க நீ உசுரோட இருக்கிறவனை வச்சுட்ட.”

கலிரோயிக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. எட்டு அசை, அதே ஏற்றம், அதே இறக்கம். ஊர் ஊராகப் போய் இத்தனை நாளும் தம்பிக்கு இழவு பாடியிருக்கிறாள். ஒவ்வொரு ஊரிலும் கைதட்டு வாங்கியிருக்கிறாள். நிறுத்திவிடுகிறேன், இனிமேல் பாடவே மாட்டேன் என்றாள்.

“பாதியில நிறுத்தினா இன்னும் மோசம். பேரு சொல்லிக் கூப்பிட்டாச்சு. முடிக்காம விட்டா அது ஆளைத் தேடும்,” என்று சொல்லிவிட்டு அத்தை கடலைப் பார்த்தாள். படகைக் காணோம். “எப்படி முடிக்கிறதுன்னு எனக்கே தெரியலடி. இப்படி யாரும் பண்ணினதில்ல.”

கலிரோயிக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கிதாரைக் கீழே வைத்தாள். மைக்கை வாங்கிக்கொண்டு வெறும் குரலில் முதலிலிருந்து தொடங்கினாள். பெயர் வரும் இடம் வந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பாட்டில் பெயரை மாற்றினாள்.

*கதவத் திற கலிரோயி…*

ஓர் அசை கூடுதல். அதை விழுங்கிவிட்டுப் பாடினாள். அத்தை பதறிக் கையை நீட்டினாள், ஆனால் ஒப்பாரி வைக்கிறவளைக் குறுக்கே நிறுத்தும் வழக்கம் மானியில் இல்லை. நீட்டிய கை அப்படியே இறங்கியது. ஒலிபெருக்கி அந்தப் பெயரைக் கடல்மேல் கொண்டுபோனது. அவள் கடைசி அடிவரை பாடி முடித்தாள். பெண்கள் வழக்கப்படி கூடவே முனகினார்கள்.

முடித்த சற்று நேரத்தில் முனையைச் சுற்றிக்கொண்டு படகு வந்தது.

லிகூர்கோஸ் தொப்பலாக நனைந்து துறையில் ஏறினான். இஞ்சின் செத்து, அலை படகைப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனதாம். இனி அவ்வளவுதான் என்று இருந்தபோது, இஞ்சினுக்குத் தானாக உயிர் வந்ததாம். சுற்றி நின்றவர்களிடம் மூச்சிரைக்கச் சொன்னான். பிறகு நேராக மேடைக்கு வந்தான்.

“அக்கா,” என்றான். “யாருக்கு ஒப்பாரி? கடல் வரைக்கும் கேட்டுச்சு, பேரு மட்டும் காத்துல விளங்கல. யாரு செத்தது?”

நாலு வருஷமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை அதுதான், அக்கா. கலிரோயி அவனைக் கட்டிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள். அவனும் அவளை விடவில்லை. பைத்தியம், இந்தக் காற்றில் என்ன சட்டை இது என்று திட்டினான்.

பெண்கள் மேடைக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். அத்தை முதலில் வந்தாள். கலிரோயியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி நெற்றியில் முத்தமிட்டாள். உதடு சில்லென்று இருந்தது. அத்தைக்குப் பின்னால் அடுத்தவள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒருத்தியும் கலிரோயியின் கண்ணைப் பார்க்கவில்லை. முத்தமிட்ட ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நின்ற தம்பியிடம் திரும்பி அவன் ஈரக் கையைப் பிடித்தாள்.

“உனக்கு ஆயுசு,” என்றாள் அத்தை.

லிகூர்கோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கத்தில் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.