கூதிர் காலத்துத் தயிர்

என் கணவர் கிருபாசங்கருக்குக் கணபதி என்கிற ஊரில் லேத் பட்டறை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பருவங்கள் மட்டும் உண்டு. பருவத்தோடு இணங்கி வாழ்ந்தால் நோய் அண்டாது என்று ஏதோ ஒரு வார இதழில் படித்திருக்கிறார். அன்றிலிருந்து கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வீட்டுக்குள் ஆறு பேர் குடிவந்துவிட்டார்கள். எனக்கு மாமியார் இல்லை என்று பெண் கொடுத்தார்கள். ஆறு மாமியார்கள் இருந்தார்கள்.

தொண்ணூற்று நான்கு வைகாசியில் கல்யாணம். ஊட்டியில் அண்ணன் ரூம் போட்டுக் கொடுத்திருந்தான். "வெயில் காலத்துல ஒடம்பு வெயிலப் பாக்கோணும் அம்மணி. குளிர்ல கொண்டுபோயி வெச்சா கெட்டுப்போயிரும்" என்றார் இவர். தேனிலவை மொட்டை மாடியில் வெள்ளரிக்காய் தின்று கழித்தோம். வெயில் தணியும் வரை கோழிக்குழம்பு கிடையாது. தலை வலிக்கிறது, ஒரு காபி வேண்டும் என்றால், முதுவேனிலில் தலை வலிப்பது இயற்கை என்பார்.

ஆடி பிறந்ததும் என் அம்மா சுப்பாத்தாள் உடுமலைப்பேட்டையிலிருந்து அழைத்துப்போக வந்தாள். ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்பார்கள். இவர் உருகிப்போனார். "பெரியவங்க பருவம் பாத்துத்தான் வெச்சிருக்காங்க" என்று அவரே பஸ் ஏற்றிவிட்டார்.

தாய்வீட்டில் பசித்தபோது சாப்பிட்டேன், தூக்கம் வந்தபோது தூங்கினேன். இது என்ன காலம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆவணியில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, எப்போது வருகிறாய் என்று கேட்டார். "காத்து மாறுற மாசமுங்க. இப்ப எடம் மாறுனா ஒடம்புக்கு ஆகாதுங்களாமா" என்றேன். யோசித்து, சரிதான் என்றார். புரட்டாசியில் வெயிலும் மழையும் கலந்து வருவதால் பயணம் கூடாது என்றேன். அதையும் ஒப்புக்கொண்டார். அவ்வளவு நல்ல மனிதர். எனக்கு ஆளைப் பிடிக்கும், அதுதான் சங்கடம்.

ஐப்பசியில் தலைதீபாவளி. மாப்பிள்ளை வந்தே ஆக வேண்டும், வந்தார். "இந்த நோம்பிக்கும் நீ கூடப் போகலீன்னா சனம் வாழாவெட்டின்னு பேசிப்போடும் கண்ணு" என்று அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தவரிடம் நேராகவே சொன்னேன்.

"ஏனுங்க, காத்து மாறுதுன்னு சொன்னதெல்லாம் பொய்யுங்க. உங்ககூட இருக்கோணும்னு எனக்கும் ஆசைதானுங்க. காலண்டர்கூடத்தான் இருக்க முடியலீங்க. எனக்குத் தலை வலிச்சா அது தலைவலிங்க. பருவம் இல்லீங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் ரசம் முடிந்ததும், "அத்தை, தயிர் ஊத்துங்க" என்றார். ஐப்பசி பிறந்தால் கூதிர்; கூதிரில் தயிர் அவருக்கு விஷம். சளி கட்டும் என்று கல்யாணமான வாரமே அம்மாவுக்கு வகுப்பெடுத்திருக்கிறார். அவள் தயங்கினாள். சட்டியை அவரே வாங்கி ஊற்றிக்கொண்டார். பிறகு இன்னொரு தரம். யாரையும் பார்க்காமல், மருந்து குடிப்பவர் மாதிரி சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் தும்மல் ஆரம்பித்தது. மூக்கு சிவந்து கண்ணில் நீர் வழிந்தது. நான் கதவோரம் நின்றேன். தயிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் இந்த ஜென்மத்தில் கணபதிக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"என்னாச்சுங்க மாப்பிள்ளை?" என்று அம்மா பதறினாள்.

வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு தும்மல் போட்டார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. தூசிங்க."

இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. அன்றைக்கு உடுமலைப்பேட்டை முழுக்கத் தேடினாலும் ஒரு பொட்டுத் தூசி கிடைத்திருக்காது. நான் உள்ளே போய்ப் புடவைகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தேன்.