கட்டைமேல் நின்ற மோட்டார்

சக்கரங்களைக் கழற்றிக் கட்டைமேல் ஏற்றி வைத்த மோட்டாருக்குள் ஆம்பூர் வாஹித் பாஷாவின் மகள் ஷஹீன் பானு பத்து வருஷம் வளர்ந்தாள். அதே மோட்டாரில்தான் ஆறு வயதில் இறந்தும் போயிருந்தாள். ஊரில் இதைப் பற்றி யாரும் தர்க்கம் செய்யவில்லை. தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் விலையைப் பற்றித்தான் தர்க்கம் செய்தார்கள்.

1923ஆம் வருஷத்து ஐப்பசி மழையில் குழந்தைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஹகீம் கொடுத்த மருந்து உள்ளே இறங்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்பு முதலாளியான வாஹித் பாஷா மகளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். டிரைவர் தானியேல் ஓட்டினான். ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருக்கும் தாய் பில்கிஸ் வாசல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வழியில் மாதனூர் வந்ததும் குழந்தையின் இரைப்பு நின்றது. பாஷா குனிந்து அவள் மார்பில் காதை வைத்தார், குழந்தையின் கண்களை மூடிவிட்டார், வண்டியைத் திருப்பச் சொன்னார். இறந்த உடலான மையித்தைக் காக்கவைப்பது அவர்கள் வழக்கமில்லை. அன்றைக்கே பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அடக்கம் நடந்தது. பெண்கள் கபரஸ்தானுக்குப் போவதும் வழக்கமில்லை. அதனால் பில்கிஸுக்கு மகளின் கடைசி இடம் அந்தப் பின்சீட்டாகவே ஆகிவிட்டது.

அன்று மாலை அவள் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இஞ்சின் ஓடிக்கினேதானே இருந்திச்சு. அந்த சத்தத்துல உங்களுக்கு இன்னா கேட்டிச்சு?"

பாஷா எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார். அவள் மறுபடி கேட்கவும் இல்லை. சோறு போட்டாள், துணி எடுத்து வைத்தாள், பண்டிகைக்குச் சேமியா காய்ச்சினாள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள். ஒரு டாக்டர் பார்த்திருந்தால் உயிர் இருக்கிறது என்று சொல்லியிருப்பாரோ என்கிற நினைப்பு பாஷாவைப் பிடித்துக்கொண்டது. தொழுகையில் கூட ரக்அத் எண்ணிக்கை தப்பியது.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் தானியேலைக் கூப்பிட்டு, இந்த வண்டியை விற்கவும் மனசில்லை, ஏறவும் மனசில்லை, எத்தனை வருஷம் நின்றாலும் கெடாதபடி கட்டிவை என்றார். தானியேல் வேலை தெரிந்தவன். ரேடியேட்டர் தண்ணீரையும் பெட்ரோலையும் கடைசிச் சொட்டுவரை வடித்தான். இஞ்சினுக்குள் விளக்கெண்ணெய் விட்டு, அது உள்ளே எல்லா இடமும் பரவும்படி ஹாண்டிலைச் சுற்றினான். டயர்களுக்குச் சுண்ணக்கட்டித் தூள் பூசிப் பட்டைக் கிடங்கின் இருட்டில் தொங்கவிட்டான். பித்தளை விளக்குகளுக்குக் கிரீஸ் தடவினான். வண்டி வீட்டுக் கொட்டகையில் நான்கு புளியங்கட்டைமேல் ஏறி நின்றது. எலி புகாமலிருக்கப் புகைக்குழாய் வாயில் துணியைத் திணிக்கப் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து பில்கிஸின் குரல் வந்தது. மையித்தின் மூக்கில் பஞ்சு வைப்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அத்த அடைக்காத தானியேல். கொயந்தைக்கு மூச்சு முட்டும்."

தானியேல் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சீட்டை மட்டும் பாஷா யாரையும் தொடவிடவில்லை. அவருடைய ஷாப்பில் பதனிட்ட தோல் அது. குழந்தை படுத்திருந்த இடம் ஒரு சின்னப் பள்ளமாக அப்படியே இருந்தது. தோலில் சுருக்கமோ பள்ளமோ இருந்தால் முதலில் ஈரம் காட்டித் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், அதற்கப்புறம்தான் எண்ணெய் போட வேண்டும். ஷாப்பில் நேற்றுச் சேர்ந்த கூலியாளுக்கும் இது தெரியும். எண்ணெய் ஊறிவிட்டால் அந்த வடிவம் போகாது. ஆயிரக்கணக்கான தோலைப் பார்த்த மனிதர், கண்ணீர் மறைத்ததிலோ என்னவோ, பள்ளத்தின் மேலேயே புங்கெண்ணெயை ஊற்றிக் கைநிறையத் தேய்த்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையிலிருந்து இரைப்புச் சத்தம் கேட்டது. பாஷா கதவைத் திறந்து பார்த்தார். ஆள் இல்லை. பள்ளத்தில் கை வைத்தால் சூடு இருந்தது. செய்த தப்பு அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஈரத்துணி போட்டுத் தேய்த்து ஒரு வழியாகச் சமப்படுத்தினார். விடிவதற்குள் பள்ளம் பழையபடி வந்துவிட்டது. பயந்துபோய்க் கதவுக்குப் பூட்டுப் போட்டார். அந்தச் சாவியை பில்கிஸ் அவரைக் கேட்காமலே எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பள்ளம் வளர்ந்தது. ரம்ஜானுக்கு ரம்ஜான் பில்கிஸ் அதைச் சாணால் அளந்து புதுச்சட்டை தைத்துச் சீட்டின் மேல் வைத்தாள். மறுநாள் எடுத்தால் முழங்கையிலும் முதுகிலும் போட்டுக் கசங்கியிருக்கும். நாளாக ஆக, படுத்திருந்த பள்ளம் காலை மடக்கியது, பிறகு எழுந்து உட்கார்ந்தது. தெருப் பெண்கள் முதலில் நடுங்கினார்கள். பிறகு, இந்த வருஷம் நன்றாக உயர்ந்துவிட்டாள், அப்பா ஜாடை என்றார்கள். இரைப்பு மட்டும் நிற்கவேயில்லை. சாயங்காலம் அது தொடங்கியதும் பாஷா ஷாப்புக்குப் போய்விடுவார், அங்கே தொட்டி ஓரமாக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்.

1933இல் பக்ருன்னிசா என்கிற பெண்பேசும் அம்மாள், கொடியில் காய்ந்த தாவணிகளைப் பார்த்துவிட்டு, வாணியம்பாடியில் ஒரு நல்ல பையன் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. பில்கிஸ் டீ கொடுத்து உட்காரவைத்து, தொண்டை சரியாகாத பெண்ணை எப்படிக் கட்டிக்கொடுப்பது என்று கேட்டாள். பக்ருன்னிசா போனதும் கணவரிடம் வந்து நின்றாள்.

"வேலூருக்குக் கூட்டினு போங்க. இந்த வாட்டி நானும் வர்றேன்."

பத்து வருஷமாக பாஷா அஞ்சிக்கொண்டிருந்தது ஒரு டாக்டரின் வாயைத்தான். ஆனாலும் தலையை ஆட்டினார்.

தானியேல் டயர்களை இறக்கினான். அவை வெடிப்பு விடாமல் பதமாகவே இருந்தன. தண்ணீரும் பெட்ரோலும் ஊற்றி ஹாண்டிலைச் சுற்றியபோது இரண்டாவது சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. பில்கிஸ் பர்தா போட்டுக்கொண்டு பின்சீட்டில் பள்ளத்தின் பக்கத்தில், இடிக்காமல், ஒண்டி உட்கார்ந்தாள். பாஷா முன்னால் உட்கார்ந்தார். மாதனூர் வந்தபோது அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வண்டி மாதனூரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் விஜயகுமாரி என்கிற இளம் டாக்டர் வண்டியருகே வந்தாள். தினமும் நூறு நோயாளிகளைப் பார்க்கிறவளுக்கு அதிசயப்பட நேரமில்லை. பின்கதவைத் திறந்து, குனிந்து, பள்ளத்தின் மார்பில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து பாஷாவைப் பார்த்தாள்.

"ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?"

பாஷா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். பில்கிஸ் பர்தாவுக்குள்ளிருந்து பதில் சொன்னாள்.

"வழி ரொம்ப தூரம் டாக்டரம்மா. அவரு எங்கயும் நிக்காமத்தான் வந்தாரு."

டாக்டர் சரி என்று சொல்லி, பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் ஒன்றைப் போடச் சொன்னாள். சீட்டின் தோல் மெல்ல எழும்பிச் சமமானது. சற்று நேரத்தில் வார்டுக் கட்டிலின் வெள்ளை விரிப்பு ஓர் ஆள் அளவுக்கு அமுங்கியது. ஆயம்மா ஒரு போர்வை கொண்டுவந்து போட்டாள். திரும்பும்போது புருஷனும் பெண்சாதியும் பின்சீட்டில் சேர்ந்து உட்கார்ந்து வந்தார்கள். ஷஹீன் எங்கே என்று ஆம்பூரில் யார் கேட்டாலும் வேலூரில் இருக்கிறாள் என்றார்கள். கேட்டவர்களும் உடம்பு தேவலையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.