டெபுடி சீஃப் அறையின் கம்பளம்

அந்தக் கட்டடத்தில் கம்பளம் விரித்த அறைகள் இரண்டுதான். ஒன்று மேனேஜிங் டைரக்டர் லாஹிரியுடையது. மற்றது டெபுடி சீஃப் இன்ஜினீயர் வைத்தீஸ்வரனுடையது. கம்பெனி சால்ட் லேக் பேட்டையின் புதுக் கட்டடத்துக்கு வந்தபோது, கூரை ஒழுகுவதைப் பற்றி வைத்தீஸ்வரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பளத்துக்கு மட்டும் விடாமல் மெமோ அனுப்பினார். வந்தது சிவப்பு நைலான். ரப்பர் ஷூவை அதில் தேய்த்துத் தேய்த்து உலாத்தியபடிதான் அவர் யோசிப்பார். யோசனை ஏதாவது வந்ததாகத் தகவல் இல்லை.

எண்பத்தாறு ஜனவரியில் அந்த உலாத்தலுக்குக் காரணம் அவருக்குக் கீழே வேலை பார்த்த இன்ஜினீயர் தமயந்தி. டிசைன் பிரிவுக்குத் தனியாக ஒரு தலைவரைப் போடப்போவதாக லாஹிரி சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் எப்படிச் சாய்ந்து உட்காருவது என்பதை வைத்தீஸ்வரன் துர்கா பூஜையிலிருந்தே பழகிவந்தார். லேக் மார்க்கெட்டுக்குப் போய்வந்த மனைவி சாவித்ரி, பையில் கத்தரிக்காயோடு வேறொரு சேதியும் கொண்டுவந்தாள்.

“ஏன்னா, கருப்பையா கடையிலே ஒரே குஷி. பொண்ணு ஹெட்டாகப் போறாளாமே? பெருங்காயம் வாங்கப் போனவ கையிலே சந்தேஷ் ஸ்வீட்டைக் கொடுக்கறார்.”

“எந்தப் பொண்ணு?”

“உங்காபீஸ் தமயந்திதான்.”

“நேத்து வரைக்கும் அப்பளக் கட்டு எடுத்துக் கொடுத்திண்டிருந்தவளா?”

“அவளேதான். உங்க கம்பெனிப் பெட்டியெல்லாம் அவ வெச்ச ஏதோ சாமானாலேதான் பிழைக்கறதாமே. உங்களுக்கும் ஒரு சந்தேஷ் கொண்டுவந்திருக்கேன்.”

வேண்டாம் என்றார். சாவித்ரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதனால் வயிறு இன்னும் எரிந்தது.

கம்பெனி பாங்குகளுக்குக் கம்ப்யூட்டர் டெர்மினல் செய்தது. திரையும் கீபோர்டுமாக, மழைக்காலம் முழுக்க ஒழுங்காக ஓடும் பெட்டிகள், குளிர்காலம் வந்ததும் திடீர் திடீரென்று ஊமையாகிவிடும். அதுவும் வைத்தீஸ்வரன் பார்வையிட்ட பிறகு. அவர் பார்வையிடுவது கண்ணால் மட்டுமல்ல, பெட்டியின் பின்னால் கேபிள் சொருகும் இடத்தில் ஊசிபோல நிற்கும் ஒவ்வொரு பின்னையும் ஆள்காட்டி விரலால் தொட்டு, “இது ஒரு சால்டரிங்கா?” என்று கேட்டால்தான் அவருக்குத் திருப்தி.

டெக்னீஷியன் ஹராதன் முடிவு கட்டிவிட்டார். ஸாஹேபின் கண் பொல்லாதது. அசெம்பிளி ஹாலின் வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்கின.

தமயந்தி அவர் கண்ணைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். வறண்ட காற்று, நைலான் கம்பளம், ரப்பர் ஷூ, டெரிலின் சஃபாரி சூட், அதன்மேல் காஷ்மிலான் ஸ்வெட்டர். மனிதர் நடக்க நடக்க உடம்பில் மின்சாரம் சேர்ந்தது. பின்னைத் தொட்டதும் அது பொறியாகப் பாய்ந்து உள்ளே இருந்த சிப்பைச் சுட்டது. அவள் சொருகுமிடத்தை ஒட்டி, பூரான்போலக் கால்கள் கொண்ட ஒரு கறுப்புத் துண்டை வைத்தாள். டயோடு வரிசை. ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் இரண்டு டயோடு காவல். வழக்கமான சிக்னலை அவை கண்டுகொள்ளாது. பொறி பாய்ந்தால் மட்டும், கல்யாண வீட்டில் அழையா விருந்தாளியின் தோளில் கைபோட்டுக் கொல்லைப்புறமாக வெளியே விடும் பெரியப்பாபோல, சிப்பை எட்டுமுன் எர்த்துக்குத் திருப்பிவிடும்.

“சோதிக்காத சாமான்,” என்றார் வைத்தீஸ்வரன், லாஹிரி கூட்டிய மீட்டிங்கில். “வெளிநாட்டிலேர்ந்து வரணும். தண்டச்செலவு.”

“சோதிக்க மெஷின் கேட்டேனே ஸார். நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க.”

“மெஷின் எதுக்கு? நான் இருக்கேன். என் கை பட்டா எந்தக் குறையும் வெளியிலே வந்துடும்.”

“அது எல்லாருக்கும் தெரியும் ஸார்,” என்றாள் தமயந்தி.

ஹாலில் இரண்டு டெர்மினல்களை வைத்தார்கள். ஒன்றில் டயோடு உண்டு, மற்றதில் இல்லை. வைத்தீஸ்வரன் தன் அறையில் அன்று வழக்கத்தைவிட அதிகம் உலாத்தினார். வந்து, தமயந்தியின் பெட்டியைத் தொட்டார். சட்டென்று ஒரு சத்தம். விரலை எறும்பு கடித்ததுபோல இருந்தது. திரை அசையவில்லை.

“யோசிச்சுட்டு வரேன்,” என்று அறைக்குப் போனார். திரும்பி வந்து அடுத்த பின்னைத் தொட்டார். மறுபடி யோசிக்கப் போனார். அவர் வாழ்நாளில் அவ்வளவு யோசித்ததில்லை. எழுத்துகள் பளிச்சென்று நின்றன.

“ஏதோ அதிர்ஷ்டம்,” என்றவர், இன்னொரு தரம் யோசித்துவிட்டு வந்து மற்ற டெர்மினலின் பக்கம் திரும்பினார். “இதோ பாருங்கோ, இது என் டிசைன். காவலும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது…” பின்னைத் தொட்டார். திரை இருண்டது.

ஹராதன் வாசலில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

லாஹிரி தமயந்தியிடம் காரணம் கேட்டார். வேறு வழியில்லாமல் கம்பளத்தைச் சொன்னாள். லாஹிரி முகம் மலர்ந்தது. “அப்படியானால் டயோடு எதற்கு? டெபுடி சீஃப் அறைக் கம்பளத்தைச் சுருட்டிவிடலாமே. செலவே இல்லை.”

வைத்தீஸ்வரன் கணக்குப் போட்டார். ஹெட் பதவி கிடைக்காவிட்டால்கூட அடுத்த வருஷம் பார்க்கலாம். வெறும் சிமென்ட் தரையில் உட்கார்ந்த டெபுடி சீஃபை ப்யூன்கூட மதிக்கமாட்டான்.

“அது சரிப்படாது,” என்றார் அவசரமாக. “நம்ம டெர்மினல் போறது பாங்க்குக்கு. அங்கே மேனேஜர் ரூமிலேயும் கம்பளம் இருக்குமே, அதையெல்லாம் போய்ச் சுருட்ட முடியுமா? டயோடு இருந்தே ஆகணும்.”

“நீங்களே சொல்கிறீர்கள்,” என்றார் லாஹிரி. அந்த வாரமே தமயந்தி டிசைன் தலைவி ஆனாள்.

புது அறைக்குக் கம்பளம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். வைத்தீஸ்வரனுக்கு அதுதான் தாங்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கியிருந்தால் மன்னித்திருப்பார்.

“அப்ப என் ரூம் கம்பளம்?” என்று கேட்டார்.

“அது கட்டாயம் இருக்கட்டும் ஸார். டெஸ்டுக்கு வேணும்.”

அன்றிலிருந்து குளிர்காலத்தில் டெர்மினல்கள் லாரி ஏறுவதற்கு முன், ஹராதன் வந்து கதவைத் தட்டுவார். “ஸாஹேப், கொஞ்சம் நடந்துட்டு வாங்க.” வைத்தீஸ்வரன் நடப்பார். பிறகு வரிசையாக ஒவ்வொன்றையும் தொடுவார், இதுவாவது சாகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு.

“டெஸ்ட் பண்ற மெஷினே வாங்கிடலாமா தீதி?” என்று ஹராதன் ஒருநாள் கேட்டார்.

“எதுக்கு ஹராதன் அண்ணா?” என்றாள் தமயந்தி. “மெஷின் இவ்வளவு ஆசையா தொடாது.”