எல்லோருக்கும் தடை

செத்துப்போன பக்கிரியின் மனைவி சின்னப்பாப்பா பிள்ளைச்சாவடி ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருந்தாள். செம்மலைப் பார்த்ததும் எழுந்தாள்.

"கேமராவுல ஒண்ணும் பதிவாவலன்னு மொதலாளி சொல்றாரு தம்பி. நீ உள்ள வேல பாத்தவன். நெசமா?"

"தெரியலக்கா."

இரவு ஆளை உள்ளே விட்டு வெளியே பூட்டுவது அந்தக் கம்பெனி வழக்கம். சரக்கு திருட்டுப் போகாதாம். அந்தப் பூட்டுச் சத்தம் தாங்காமல்தான் செம்மல் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போனான். அந்த இடத்துக்குப் பக்கிரி வந்தான். போன வாரம் ஐஸ் உறைய வைக்கும் அம்மோனியா வாயுக் குழாய் வெடித்தது. கதவுக்குப் பின்னால் பக்கிரி செத்துக் கிடந்தான். கதவு திறந்துதான் இருந்தது, போதையில் விழுந்துவிட்டான் என்று முதலாளி தெய்வசிகாமணி போலீசிடம் சொல்லிவிட்டார்.

இப்போது கம்ப்யூட்டரைப் பார்க்கச் செம்மலை வரவழைத்துவிட்டு, ஆபீஸ் அறையில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"கேமரா பதிவு இருக்குற பழைய டிஸ்க்க புது கம்ப்யூட்டர்ல மாட்டுனேன். ஒரு ஃபோல்டர் தொறக்கவும் மாட்டேங்குது, அழியவும் மாட்டேங்குது. எனக்கே அனுமதி இல்லயாம்டா."

செம்மல் பார்த்தான். 'எல்லோரும்' என்ற பெயருக்கு நேரே தடை போடப்பட்டிருந்தது.

"இத யாரு போட்டது?"

"நான்தான். எல்லாரும்னா நீங்கள்லாம். மொதலாளி எப்படிடா அதுல வருவான்?" சிரித்தார். "தொறந்து குடுத்துட்டுக் கெளம்பு. உள்ள நோண்டாத."

செம்மல் ஃபோல்டரைத் தன் வசம் மாற்றி, தடையை நீக்கினான். வீடியோக்கள் வரிசையாக வந்து நின்றன. பக்கிரி செத்த இரவின் தேதியிட்ட கடைசிப் படத்தில் கதவு தெரிந்தது. அதில் பூட்டை மாட்டும் கையில் முதலாளியின் பச்சைக்கல் மோதிரம்.

"தொறந்துச்சா?"

"இல்ல மொதலாளி. டைம் ஆவும்."

பென்டிரைவைச் செருகி, நகலெடுக்க விட்டான். அதன் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. தெய்வசிகாமணி மெல்வதை நிறுத்தினார்.

"அது எதுக்கு?"

"சாப்ட்வேர்."

அவர் எழுந்தார். விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செய், செய். எவனும் வந்து தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்குறேன்."

வெளியே போனார். ஷட்டர் இறங்கியது. பிறகு பூட்டு விழுந்தது. செம்மலுக்குப் பழகிய சத்தம்.

நகல் பாதிதான் முடிந்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தான். சின்னப்பாப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் யாருமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், போன வாரம் குழாய் வெடித்த அம்மோனியா இயந்திரம் ஓட ஆரம்பித்தது.