ஷெட்டில் நின்ற வீடு

மெத்தையின் நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. செக்கர் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். புது மெத்தை. அவரும் மனைவியும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. வேனுக்குள் கொண்டுவந்து போட்ட பிறகு இரண்டு பேரும் ஒரு தடவைகூட அதில் படுத்ததில்லை. யாரும் படுக்காத மெத்தையில் பள்ளம் எப்படி விழும்? குனிந்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை. வேன் நிற்கும் ஷெட்டுக்குச் சொந்தக்காரனான மச்சான் எங்கே போனாலும் கூடவே வரும் கிரீஸ் வாசனை இல்லை. இது குளித்து முடித்த யாரோ ஒருவருடைய வாசனை.

செக்கர் என்பது அவருடைய பெயர் அல்ல. வேலை பார்த்த காலம் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. பெட்டிக்குள் கால் வைத்ததுமே யார் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஜன்னலுக்கு வெளியே வெறும் பொட்டல் ஓடும்போது அதை அக்கறையாக வேடிக்கை பார்ப்பவன். அவசர அவசரமாகத் தூங்க ஆரம்பிப்பவன். அந்தக் கண்ணை, சீருடையோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டு வர முடியவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து எடை இடிக்கிறது என்பார். காய்ச்சலுக்கு ஊசி போட வந்த நர்ஸிடம் மருந்துக் குப்பியைத் திருப்பிக் காட்டச் சொல்லித் தேதி பார்த்தார். வீட்டில் யாரும் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. பழகிவிட்டது.

ஓய்வு பெற்ற கையோடு அவர் செய்த ஒரே ஊதாரித்தனம் இந்த வேன்தான். விளம்பரத்தில் மோட்டார்ஹோம் என்று போட்டிருந்தது. அந்த வகையிலேயே அடிமட்டம். முன்பு சாமான் ஏற்றிக்கொண்டிருந்த வேனின் பின்பக்கத்தில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, காலால் மிதித்தால் தண்ணீர் கொட்டும் ஒரு தொட்டி, அவ்வளவுதான் வீடு. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஓடுகிற ரயிலில் ஊரார் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்த மனிதருக்கு, ஓடுகிற ஒன்றில் தானும் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்று ஆசை. வண்டி வந்த அன்று அவர் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "அவனவன் ஊருக்குத் தெரியாம சின்ன வீடு வெச்சுக்குவான். எங்க வீட்டுக்காரர் வாசல்லயே கொண்டாந்து நிறுத்தியிருக்கார்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வாசலில் அது அதிக நாள் நிற்கவில்லை. தெரு குறுகல், எதிர்வீட்டுக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்தார். மனைவியின் தம்பிக்கு ஊர் எல்லையில் ஒரு ஷெட் இருந்தது. ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவன். ஷெட்டுக்குப் பின்னால் மதில் சூழ்ந்த காலியிடம். "இங்க நிக்கட்டும் அத்தான். நின்ன எடத்துலயே ஒவ்வொண்ணா நல்லா பண்ணிடலாம்" என்றான். முதலில் தகரச் சுவருக்குள் வெப்பம் தடுக்கும் அட்டை ஒட்டினார்கள். பிறகு கூரையில் சோலார் தகடு. மிதிக்கும் பம்பை எடுத்துவிட்டு ஸ்விட்ச் போட்டால் ஓடும் சின்ன மோட்டார். ஒவ்வொன்றுக்கும் செக்கர் கூடவே நின்று, திருகைக்கூடத் தானே எண்ணிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் வண்டியில் அவர் கேட்காத வேலைகள் நடக்கத் தொடங்கின. ஒரு வாரம் போனபோது கட்டிலுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி உட்கார்ந்திருந்தது. அடுத்த தடவை தண்ணீர்த் தொட்டி பெரிதாகியிருந்தது. ஜன்னல்களில் வெளிச்சம் துளியும் புகாத தடித்த திரை.

"எதுக்கு மச்சான் ரெண்டாவது பேட்டரி?"

"ஒண்ணு காலியானா இன்னொண்ணு இருக்கட்டுமே அத்தான்."

"வண்டி எங்கயும் போகவே இல்ல. அப்புறம் எப்படிக் காலியாகும்?"

மச்சான் பழந்துணியில் கையைத் துடைத்தான். அழுக்கே இல்லாத கையை, விரல் விரலாக. இல்லாத டிக்கெட்டைச் சட்டைப்பையில் தேடுகிறவர்களை செக்கர் ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்.

இன்று மெத்தையில் பள்ளம். கை கழுவும் தொட்டியின் ஓட்டையில் ஒரு நீளமான தலைமுடி, கன்னங்கரேலென்று. அவர் மனைவிக்கு முடி வெளுத்துத் தோள்வரைதான். வெளியே வரும்போது கதவைச் சாத்தப் போனவர் அப்படியே நின்றார். வண்டியோடு வந்த பூட்டுக்குக் கீழே ஒரு இரும்புத் தாழ்ப்பாள். தடியானது. திருகுகள் இன்னும் பளபளத்தன. அது கதவின் உட்பக்கம் இருந்தது.

"இது எதுக்கு?"

"திருட்டுப் பயம்தான் அத்தான்."

"திருடன் வர்றப்போ நான் உள்ள உக்காந்து தாழ்ப்பாள் போட்டுட்டு இருப்பேனா?"

மச்சான் அதற்கும் கையைத் துடைத்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செக்கர் கணக்கைக் கூட்டிக்கொண்டே வந்தார். வாடகைக்கு விடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். வாடகைக்கு வருகிறவன் தாழ்ப்பாள் கேட்க மாட்டான். அப்படியென்றால் விஷயம் வேறு. சமையலறை வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்.

"உன் தம்பி என் வண்டியில ஒரு பொம்பளையைக் கொண்டாந்து வெச்சிருக்கான்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. "அவனுக்குக் குடும்பம் குட்டி இருக்கு. வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான். தம்பியைப் பற்றி அரை வார்த்தை சொன்னாலே அரை நாள் சண்டைக்கு இழுப்பவள். இன்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, நறுக்கியதை அள்ளிக்கொண்டு திரும்பி நின்றாள். செக்கர் அதையும் குறித்துக்கொண்டார். கொஞ்ச நாளாகவே தம்பி பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சாப்பாட்டுக் கூடையோடு அடிக்கடி கிளம்புகிறாள். அந்தப் பெண்ணை அவர் போன வாரம்தான் கடைத்தெருவில் பார்த்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி நடந்து போனாள். அக்காளும் தம்பியும் கூட்டு. தன் வீட்டில் தன்னைத் தவிர எல்லோருக்கும் ஏதோ தெரியும் என்ற நினைப்பு, பல்லிடுக்கில் மாட்டிய நார் போல உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். மகளைக் கட்டிக்கொடுத்தது வேறு ஊரில். ஆஸ்பத்திரி லேபில் வேலை அவளுக்கு, மாப்பிள்ளைக்கு மருந்துக் கம்பெனியில் பெரிய பதவி. ஞாயிறு தவறாமல் கூப்பிடுவது மாப்பிள்ளைதான். "அவளுக்கு ட்யூட்டி மாமா" என்பார். மகள் எப்போதாவது, நல்லா இருக்கேன்ப்பா என்று போனில் ஒரு வரி எழுதி அனுப்புவாள். மனைவி கூடையோடு தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். செக்கருக்கு மனசு முழுக்கச் சந்தேகம் நிறைந்து கிடந்தது. அவர் பேசுவதைக் கடைசிவரை கேட்கிற ஆள் இந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை ஒருவர்தான். பேட்டரியிலிருந்து தாழ்ப்பாள்வரை ஒன்று விடாமல் சொன்னார்.

வழக்கமாக ம், ம் என்று கேட்பவர் இன்று இடையில் நிறுத்தினார்.

"முடி எவ்வளவு நீளம் மாமா?"

"நல்ல நீளம். ஒரு முழத்துக்கு மேல இருக்கும்."

"அந்த ஷெட் எங்க இருக்கு? நான் பார்த்ததே இல்லையே."

செக்கர் வழி சொன்னார். கேஸ் குடோனைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம், ஒரு வண்டி மட்டும் போகிற சந்து. மாப்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். "இந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு மாமா. நானே ஒருநாள் போய்ப் பார்க்கறேன். நீங்க வீட்டுல யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க" என்றார். தன் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்ததில் செக்கருக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனாலும் மாப்பிள்ளை வரும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் மதியமே கிளம்பிவிட்டார். சொல்லிவிட்டுப் போனால் மறைக்க நேரம் கிடைக்கும், சொல்லாமல் போனால்தான் அது சோதனை. ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார். ஷெட் பூட்டிக் கிடந்தது, மச்சான் எங்கோ வேலைக்குப் போயிருந்தான். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். வேனின் ஒரு பக்கத்திலிருந்து நிழலுக்கு ஒரு துணிக்கூரை நீண்டு நின்றது. அதுவும் புதுசு. அதன் கீழே கட்டிய கயிற்றில் ஒரு துண்டும் ஒரு பெண்ணின் மேல்சட்டையும் காய்ந்தன. படியருகே ஒரு ஜோடி செருப்பு. உள்ளே தண்ணீர் மோட்டார் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அவர் கால் சரளைக்கல்லில் பட்டதும் அது நின்றது.

அந்த அமைதி அவருக்கு நன்றாகத் தெரியும். ரயில் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு, பரிசோதகர் தாண்டிப் போகட்டும் என்று மூச்சைப் பிடித்திருப்பவனின் அமைதி. சாவியைப் போட்டுத் திருகினார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. சாவியாலேயே தகரத்தைத் தட்டினார்.

"கதவைத் திறங்க."

ஓய்வு பெற்றபின் அவர் எடுக்காத குரல் அது.

"உள்ள ஆள் இருக்குன்னு தெரியும். இது என் வண்டி. மரியாதையா வெளிய வாங்க."

திரை அசையவில்லை. கதவுக்கு மிக அருகிலிருந்து, தணிந்து, ஒரு குரல் வந்தது.

"அப்பா, தனியாவா வந்திருக்கீங்க?"

அவருக்கு முதலில் கேள்விதான் புரிந்தது, குரல் பிறகுதான் புரிந்தது. உண்மையிலேயே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மதிலும் அதன்மேல் ஒரு காக்கையும்தான் இருந்தன.

"தனியாத்தான்மா."

தாழ்ப்பாள் கறகறவென்று நகர்ந்தது. மகள் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அந்தப் பாழாய்ப்போன கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. இடது மணிக்கட்டில் சுற்றிய பட்டைத்துணி. காதோரம் பச்சை மாறி மஞ்சளாகிக்கொண்டிருந்த கன்றல். பாதியாய்ப்போன உடம்பு. அடுப்பில் பால். அலமாரித் தட்டில் அவர் மனைவியின் சாப்பாட்டுக் கூடை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எப்போது வந்தாள், எத்தனை நாளாக, என்ன நடந்தது, யார் யாருக்குத் தெரியும் என்று கேள்விகள் வரிசை கட்டி நின்றன. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளுங்கப்பா. எப்படியும் கேக்கத்தானே போறீங்க. அதுக்குப் பயந்துதான் வீட்டுக்கு வரல. மாமா ஒண்ணும் கேக்கல. தாழ்ப்பாள் மட்டும் வேணும்னேன். போட்டுக் கொடுத்தார்."

அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்ற பெருந்தன்மை எல்லாம் இல்லை. முடி எவ்வளவு நீளம் மாமா என்ற கேள்வி மட்டும்தான் அப்போது அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பால்காரன், நர்ஸ், மச்சான், கட்டின மனைவி, எல்லோரையும் திருப்பிப் போட்டுப் பார்த்தவர், மாப்பிள்ளையை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. சிரித்த முகத்தோடு தானாகவே முதலில் டிக்கெட்டை நீட்டுகிறவனிடம் அவர் தேதி பார்த்ததே கிடையாது.

"நேத்து மாப்பிள்ளை போன் பண்ணார்" என்றார்.

"எடத்தைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் போய் முதலில் அடுப்பை அணைத்தாள்.

செக்கர் மனைவியைக் கூப்பிட்டார். "நம்ம பொண்ணு முன்னாடி உக்காந்திருக்கேன்" என்றார். நேற்று வழி சொன்னதையும் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார்.

"வண்டியில டீசல் இருக்கா?" என்றாள்.

"தெரியல."

"மொதல்ல அங்கேர்ந்து கெளப்புங்க. எங்க போறீங்கன்னு என்கிட்டயும் சொல்லாதீங்க. அவன் என்கிட்டத்தான் வந்து கேப்பான்."

சொந்த வண்டி, ஆனால் அதைக் கிளப்ப அவருக்குத் தெரியவில்லை. துணிக்கூரையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. "அந்தக் கொக்கியை மொதல்ல விடுங்கப்பா" என்று மகள் வந்து ஒரு கையாலேயே அதைச் சுருட்டினாள். ஷெட்டிலிருந்து வந்த கரண்ட் வயரைப் பிடுங்கினாள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கற்களை அவர் புரட்டித் தள்ளினார். கயிற்றுத் துணியை அப்படியே உருவி உள்ளே எறிந்தாள். சாவியைத் திருகினால் வண்டி இருமிவிட்டு அடங்கியது. நின்று நின்றே செத்துவிட்டதோ என்று அவருக்கு வியர்த்தது. "இருங்க" என்று பின்னால் போய் ஏதோ ஒரு சிவப்பு ஸ்விட்சைத் தட்டினாள். "ரெண்டாவது பேட்டரியிலேர்ந்து எடுக்கும். மாமா காட்டிக்கொடுத்தார்." மறுபடி திருகியபோது தகரம் முழுக்க அதிர்ந்து வண்டி உயிர் பிடித்தது.

ஷெட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் இறங்கினார். இரண்டு பக்கமும் ஏதோ தொழிற்சாலையின் உயர்ந்த மதில். கண்ணாடி இரண்டும் சுவரை உரசிவிடும் போலிருந்தது. பாதி வந்திருப்பார். எதிர்முனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பி உள்ளே நுழைந்து, வேனைப் பார்த்ததும் நின்றது.

மாப்பிள்ளையின் காரும் வெள்ளைதான். ஊரில் பாதிப் பேர் காரும் வெள்ளைதான். அதன் முன்கண்ணாடியில் உச்சிவெயில் மொத்தமாக விழுந்து தகதகத்தது, உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. செக்கர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கார் ஒரு தடவை விளக்கை அடித்தது. வழி விடு என்கிறதா, கண்டுகொண்டேன் என்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"யாருப்பா?"

"தெரியலம்மா. நீ கீழ உக்காரு."

அவள் கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் தரையோடு ஒடுங்கும் சத்தம் கேட்டது. சாத்தாமல் விட்ட அலமாரிக் கதவு ஒருமுறை ஆடி அடித்துக்கொண்டது. உள்ளிருந்து ஒரு டம்ளர் விழுந்து தரையில் உருள ஆரம்பித்தது. எதிரே காரின் கதவு திறந்து, முதலில் ஒரு கால் மட்டும் மண்ணில் இறங்கியது. செக்கர் ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி காத்திருந்தார். பின்னால் உருண்டுகொண்டிருந்த டம்ளரை ஒரு கை எட்டிப் பிடித்தது.